ராஜேஸ்வரி அக்காவின் கிழங்கும், தோண்டாமல் எடுத்தவரும்

செய்தி வந்தபோது நான் எங்கள் மலையூரான ரிங்லெட்டில் கோழிக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவர் மூர்த்தி. ராஜேஸ்வரி அக்காவின் தம்பி. அதே மலையில் கோலா தெர்லாவில் காய்கறித் தோட்டமும் ஒரு லோரியும் வைத்திருப்பவர். போனில் பேசினாலும், பாத்தியின் அந்தக் கோடியில் நிற்கும் ஆளைக் கூப்பிடுவதுபோலக் கத்தித்தான் அவருக்குப் பேச வரும். அன்று குரலே எழும்பவில்லை.

"வசந்திக்கா, அக்கா போயிட்டாங்க. காலையில தேத்தண்ணி கலக்கி வச்சிட்டு நாற்காலியில உக்காந்தவங்கதான். நான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், ஏன்னு கேக்கல."

என் முறை வந்துவிட்டதென்று கடைக்காரர் கையைக் காட்டினார். நான் ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து, பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அழுதேன். யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியாது.

அந்த அழுகை மாலைவரைதான் இருந்தது. அதற்குப் பிறகு வந்தது கோபம். அது இன்னும் போகவில்லை, போகவும் விடமாட்டேன். மாலையில் அக்காவின் வீட்டு வாசலில் ஆள் உயர மலர்வளையம் ஒன்று வந்து இறங்கியது. உள்ளே போகிறவர்கள் எல்லாரும் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது. வளையத்தின் பின்னாலேயே ஒரு காடியில், அதாவது காரில், அதை அனுப்பியவரும் வந்து சேர்ந்தார். நானும் அக்காவும் வேலை பார்த்த கல்லூரி ஆய்வுக்கூடத்தின் முன்னாள் துறைத் தலைவர். அக்காவின் தலைமாட்டில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, கூடியிருந்தவர்களிடம் சொன்னார்: "ராஜேஸ்வரி என் கையால வளர்ந்த பிள்ளை. கிழங்கு ஆராய்ச்சியில நான் கையைப் பிடிச்சு அழைச்சிட்டுப் போனேன்."

பிணத்தின் முன்னால் நின்று பொய் சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். அது அவரிடம் எப்போதும் உண்டு. எழுந்தேன். மூர்த்தியின் மனைவி கமலா என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார்.

அந்தப் பெருந்தகையின் பெயரை இந்தக் கட்டுரையில் நான் எழுதப்போவதில்லை. மரியாதையால் இல்லை. தம் பெயர் அச்சில் வருவது அவருக்கு மிகவும் பிடிக்கும். அந்தச் சந்தோஷத்தை என் கையால் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதம் அவருக்கு ஒரு பாராட்டு விழா நடக்கவிருக்கிறது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு எப்படிப் பருக்கிறது, அப்போது அதன் புரதங்கள் எப்படி மாறுகின்றன என்று கண்டுபிடித்ததற்காம். அந்த மேடையில் ராஜேஸ்வரியின் குடும்பத்தின் சார்பில் மூர்த்தி தமக்கு மாலை போட்டால் பொருத்தமாக இருக்கும் என்று இழவு வீட்டிலேயே கேட்டுவிட்டுத்தான் போனார். அந்தக் கண்டுபிடிப்பு அக்காவுடையது. அதை அக்காவின் பெயருக்குத் திரும்ப வாங்கத்தான் இதை எழுதுகிறேன். அஞ்சலியும் இதில் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாக எழுத எனக்குத் தெரியவில்லை.

அக்கா பிறந்தது மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில். அப்பா தொழிற்சாலையில் இலை வாட்டும் வேலை. அம்மா முனியம்மா கொழுந்து பறிப்பவர். இன்றைக்கு அந்தச் சரிவுகளில் இரண்டு பேர் ஒரு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் அரைமணி நேரத்தில் மழித்துவிடுகிறார்கள். அப்போது எல்லாம் கைதான். ஒவ்வொருவருக்கும் தேயிலைச் செடிகளின் நிரை ஒன்று பிரித்துக் கொடுப்பார்கள். மேட்டைப் பார்த்து ஏறிக்கொண்டே பறித்தால் முதுகு வலிக்காது. அதனால் பலர் ஒரு நிரையை உச்சிவரை பறித்து முடித்ததும் சும்மா கீழே இறங்கிவந்து, அடுத்த நிரையையும் அடியிலிருந்தே தொடங்குவார்கள். முனியம்மாவுக்கு அது ஆகாது. ஏறும்போது ஒரு நிரை, இறங்கும்போது அடுத்த நிரை. பள்ளி விடுமுறையில் உடன்போன மகளுக்கும் அதையே பழக்கினார்.

"மேல வந்தாச்சுல்ல, கை சும்மாதானே இருக்கு? அடுத்த நெரையில பறிச்சிக்கிட்டே எறங்கு. வெறுங்கூடையைத் தூக்கிக்கிட்டு என்னாடி ஊர்கோலம்?"

அம்மா சொன்ன இதை அக்கா அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார். அந்தப் பழக்கம் அவர் உடம்போடு ஒட்டிவிட்டது. கொடியில் துணி காயப்போட்டாலும் முதல் கயிறு இந்தப் பக்கமிருந்து, அடுத்தது அந்தப் பக்கமிருந்து. வீடு கூட்டுவதும் அப்படித்தான். தானா ராத்தாவில் இடைநிலைப்பள்ளி, பிறகு மலையிறங்கிப் பல்கலைக்கழகம், முனைவர் பட்டம், கல்லூரி வேலை என்று எவ்வளவோ தூரம் போனார். கை மட்டும் நிரை மாறவில்லை.

நான் அதே ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி அலுவலராகச் சேர்ந்தபோது அக்கா அங்கே நன்றாக வேரூன்றியிருந்தார். முதல் வாரமே அவரோடு எனக்குச் சண்டை. சோதனைக்குழாய்களை அடுக்கி வைத்திருந்தார். மேல் வரிசை இடமிருந்து வலம், கீழ் வரிசை வலமிருந்து இடம். நான் வழக்கம்போல் எடுத்து ஒருநாள் வேலையைக் குட்டிச்சுவராக்கினேன்.

"இது என்ன அடுக்கு? இந்த வரிசை இப்படிப் போவுது, அது ஏன் திரும்பி வருது?"

"நெரை லா வசந்தி. உனக்கு எங்க தெரியப்போவுது? நீ ரிங்லெட் கடைத்தெரு பொண்ணு. கூடையைப் பாத்திருக்கியா, இல்ல பிளாஸ்டிக் பை மட்டுந்தானா?"

"பிளாஸ்டிக் பைக்காரி கேக்குறேன், மனுசங்க மாதிரி அடுக்கக் கூடாதா?"

"என்கூட வேலை செய்யணும்னா ஏறி எறங்கு. இல்லேன்னா பஸ் பிடி."

நான் பஸ் பிடிக்கவில்லை.

இந்த நினைவு மலரைப் படிப்பவர்களில் பலர் கிழங்கு பயிரிடுகிறவர்கள். அக்கா கேட்ட கேள்வி உங்களுக்கு நன்றாகவே விளங்கும். ஒரே கொடி, ஒரே பாத்தி, ஒரே உரம். வேர்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் மெல்லியதாகக் கிளம்புகின்றன. அவற்றில் சில பருத்துக் கிழங்காகின்றன. மற்றவை கயிறுபோல நீண்டு, முறுகி, கடைசிவரை வேராகவே நின்றுவிடுகின்றன. எது கிழங்காகும், எது ஆகாது என்பது எப்போது முடிவாகிறது? மண்ணையும் உரத்தையும் பற்றி ஆயிரம் பேர் பேசியாகிவிட்டது. அக்கா வேருக்குள்ளே பார்க்க விரும்பினார். வேரின் ஒவ்வொரு வயதிலும் அதற்குள் எந்தப் புரதம் கூடுகிறது, எது குறைகிறது என்று வரிசையாகப் பார்த்தால் அந்த முடிவு நடக்கும் இடம் தெரியும் என்பது அவர் எண்ணம்.

அதற்குக் கிழங்கு மூர்த்தியின் தோட்டத்தில் நடப்பட்டது. வேரைத் தோண்டிய கையோடு உறையவைத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் புரதங்கள் சிதைந்துபோகும். ஆகவே திரவ நைட்ரஜன் நிரப்பிய குடுவை ஒன்று மூர்த்தியின் லோரியில், முட்டைக்கோசுக் கூடைகளுக்கு நடுவில் பயணம் செய்தது. மூடியின் இடுக்கில் வெள்ளைப் புகை கசியும். வளைவுக்கு வளைவு மூர்த்திக்கு உயிர் போய்வரும்.

"அக்கா, வெடிக்குமா?"

"நீ வாயை மூடிக்கிட்டு ஓட்டுனா வெடிக்காது."

தோண்டுவது சுலபம். புரதத்தைப் பிரித்தெடுப்பதில்தான் உயிர் போயிற்று. கிழங்கில் இருப்பதெல்லாம் மாவு. அதோடு, வெட்டினால் கசியும் பால், வெட்டிய இடத்தைக் கறுப்பாக்கும் சத்துகள். இவற்றுக்கு நடுவே புரதம் கொஞ்சூண்டு. அதைப் பிரித்து ஜெல்லில் ஓடவிட்டால், தனித்தனிக் கோடுகளாக வரவேண்டியது எல்லாம் ஒரே அழுக்காக இழுபட்டு வரும். எத்தனை முறை தூக்கி எறிந்தோம் என்று கணக்கில்லை. அந்தக் காலத்தில் துறைத் தலைவர் எங்கள் அறைக்குள் தலையை மட்டும் நீட்டி, "இன்னும் சேறுதானா?" என்று சிரித்துவிட்டுப் போவார். அவர் செய்த பங்களிப்பு அதுதான். அதையும் நான் மறைக்காமல் பதிவு செய்கிறேன்.

அக்கா விடவில்லை. குளிரில் வைத்து அரைப்பது, அலசுவது, மறுபடி அரைப்பது, மறுபடி அலசுவது. விரல் நுனிகள் மரத்துப்போகும். கடைசியில் ஒரு மத்தியானம், சாயத்திலிருந்து தூக்கிய ஜெல்லில் கோடுகள் சுத்தமாக நின்றன. இருவரும் வாயைப் பிளந்து பார்த்தோம். பிறகு அக்கா ஓடிப்போய்ச் சிற்றுண்டிச்சாலையில் எனக்கு வறுத்த மீ நூடுல்ஸ் வாங்கித்தந்தார். காரம் அதிகம் என்று நான் குறைசொன்னேன். "கோடு வந்திருக்கு, மீயைப் பத்திப் பேசுறா பாரு" என்று தலையில் குட்டினார்.

ஜெல் என்பதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கண்ணாடித் தகடுபோல மெல்லிய ஒரு வில்லை. அதன் மேல்விளிம்பில் சிறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு வயது வேரின் புரதத்தை விட்டு மின்சாரம் பாய்ச்சினால், புரதங்கள் கீழிறங்கிக் கோடு கோடாகப் பிரியும். கோடு தடித்திருந்தால் அந்தப் புரதம் அதிகம். அக்கா சேர்த்துவைத்திருந்த வேர்களின் வயதுகள் ஒரே ஜெல்லில் அடங்கவில்லை, இரண்டு தேவைப்பட்டன. முதல் ஜெல்லில் மெல்லிய வேரில் தொடங்கி இடமிருந்து வலமாக நிரப்பினார். அது முடிந்ததும் இரண்டாவதை, பருக்கத் தொடங்கிய வேரில் ஆரம்பித்து முற்றிய கிழங்குவரை வலமிருந்து இடமாக நிரப்பினார். முனியம்மாவின் மகள் வேறெப்படிச் செய்வார்? எந்தப் பக்கம் தொடக்கம் என்பதற்கு அடையாளமாக, அளவு தெரிந்த புரதக்கலவை ஒன்றைத் தொடக்க முனையில் விடுவோம். ஏணிபோலப் படிப்படியாகத் தெரியும். முதல் ஜெல்லில் ஏணி இடது கோடியில், இரண்டாவதில் வலது கோடியில்.

அந்த முறைப்படி படித்தால் கதை தெளிவாக இருந்தது. மெல்லிய வேரில், நாரையும் விறைப்பையும் உண்டாக்கும் புரதங்கள் தடித்து நின்றன. வேர் பருக்கத் தொடங்கும்போது அவை மங்கின. அதே நேரத்தில் சேமிப்புப் புரதத்தின் கோடு எழுந்து, கிழங்கு முற்ற முற்றக் கருகருவென்று தடித்தது. கயிறாக நின்றுவிட்ட வேர்களில் அந்தக் கோடு எழவே இல்லை.

சரியாக அந்த நேரத்தில் முனியம்மா அம்மா படுக்கையில் விழுந்தார். அக்கா விடுப்பு எடுத்துக்கொண்டு மலையேறினார். திரும்பி வருவதற்குள் தலைநகரில் ஒரு கருத்தரங்கு நடந்தது. துறைத் தலைவர் பேசுகிறார், கூடமாட உதவிக்கு வா என்று என்னையும் கூட்டிப்போனார்கள். விளக்கை அணைத்துத் திரையில் படத்தைப் போட்டார்கள். எங்கள் ஜெல்கள். அக்கா விரல் மரத்துப்போய் எடுத்த கோடுகள். அடியில் ஒரே பெயர், அவர் பெயர்.

நாற்காலியிலிருந்து எழப்போனவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். படத்தில் ஏதோ தப்பு. இரண்டு ஜெல்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஒரே வரிசையாக்கியிருந்தார். பார்க்க நேர்த்தியாக இருக்கட்டும் என்று இரண்டு ஏணிகளையும் வெட்டி எறிந்திருந்தார். இரண்டாவது ஜெல்லையும் இடமிருந்தே படித்தார். அதாவது முற்றிய கிழங்கை இளசு என்றும், இளசை முற்றியது என்றும் நினைத்துக்கொண்டு பேசினார். "மலைநாட்டுக் குளிரில் ஒரு புதுமை நிகழ்கிறது. கிழங்கு முற்ற முற்றச் சேமிப்புப் புரதம் வடிந்துபோகிறது!" என்றார். கைதட்டல் வேறு.

மறுநாளே பஸ் ஏறி அக்காவிடம் போய் ஒப்பித்தேன். மூச்சுவாங்க, அழுதுகொண்டே, அவரை என்ன செய்யவேண்டும் என்பது உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்த அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்து இருமினார்.

"ஏணியை வெட்டிட்டாரா? நெசமாவா?"

"சிரிக்கிறீங்களே அக்கா! திருடிட்டாரு!"

"திருடத் தெரியாம திருடிட்டாரு லா. பேசாம இரு. இன்னும் நாலு மேடையில பேசட்டும். எவ்வளவு ஒசரத்துல ஏறுறாரோ அவ்வளவு நல்லா விழுவாரு. நான் பாக்கணும்."

அக்காவைப் பொறுமைசாலி, பூமாதேவி என்றெல்லாம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சில மாதங்கள் அவர் திருவிழாவுக்குக் காத்திருக்கும் குழந்தைபோல இருந்தார். துறைத் தலைவர் எதிரே வந்தால் பணிவாக வணக்கம் சொல்வார். "சார், அந்த மலைநாட்டுப் புதுமை எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார். அவர் பூரித்துப்போவார். நான் கழிப்பறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வருவேன். பழிவாங்குவதில் இவ்வளவு இனிப்பு இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பிறகு அவர் கோலா தெர்லாவுக்கு வந்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது.

விவசாயிகளுக்கு ஆலோசனைக் கூட்டம். மண்டபம் நிறைந்திருந்தது. அறுவடைக்குக் கிழங்கு பருத்துக்கொண்டிருந்த பருவம். நானும் அக்காவும் கடைசி வரிசையில், மூர்த்திக்குப் பக்கத்தில். அவர் அதே படத்தைக் காட்டினார். முற்றவிட்டால் சத்து போய்விடும், ஆகவே பாதி வளர்ச்சியிலேயே தோண்டிவிடுங்கள், இந்த வாரமே தொடங்கலாம் என்றார். முன்வரிசையில் சாமிக்கண்ணு அண்ணன் எழுந்தார். குத்தகை நிலத்தில் கிழங்கைத் தவிர வேறெதுவும் போடாதவர்.

"சார், இப்ப தோண்டுனா விரல் கனம்தான் இருக்கும். மொத்தமா வாங்குற தவுக்கே எடுக்கமாட்டான். ஆனா படிச்சவங்க, நீங்க சொன்னா கேட்டுத்தானே ஆவணும்?"

"தைரியமா தோண்டுங்க. அறிவியல் பொய் சொல்லாது."

அக்காவின் கை என் கைக்குள் இருந்தது. அது இறுகுவது தெரிந்தது. "அக்கா, வாயைத் திறக்காதீங்க. இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று காதோடு கெஞ்சினேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"குழி அவருக்கு வெட்டினது வசந்தி. இவங்கல்ல விழுறாங்க."

எழுந்துவிட்டார். "யாரும் தோண்டாதீங்க! கிழங்கு முத்தட்டும். எப்பவும் தோண்டுற நேரத்துல தோண்டுங்க."

மேடையில் இருந்தவர் சிரித்தார். "ராஜேஸ்வரி, படத்துல அவ்வளவு தெளிவா இருக்கு. அதுக்கு என்ன சொல்றீங்க?"

"படத்தைத் திருப்பிப் பாருங்க சார்!"

கோபத்தில் வந்த வார்த்தை. அவருடைய தப்பைத் தாமே காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று, வாயிலிருந்து விழுந்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. அவர் திரையைப் பார்த்தார், தலையைச் சாய்த்துப் பார்த்தார், முகம் வெளுத்தது. ஆனால் ஆள் கெட்டிக்காரர். அடுத்த நிமிடமே, "சரி, எதற்கும் பொறுத்துப் பார்ப்போம், அவசரம் வேண்டாம்" என்று கூட்டத்தை முடித்துவிட்டார். சாமிக்கண்ணு அண்ணனின் கிழங்கு தப்பித்தது. மூர்த்தியுடையதும், அந்த வட்டாரத்தில் எல்லாருடையதும்.

ஆறேழு மாதங்கள் கழித்துக் கட்டுரை அச்சில் வந்தது. இரண்டாவது ஜெல் திருப்பி ஒட்டப்பட்டு, கோடுகள் ஒழுங்காக ஏறி, கதை சரியாக இருந்தது. மலைநாட்டுப் புதுமையைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆசிரியர் அவர். கட்டுரையின் கடைசியில், மாதிரிகளைச் சேகரிக்க உதவியதற்காக ராஜேஸ்வரிக்கு நன்றி. அதே வரியில் லோரி ஓட்டுநர் மூர்த்திக்கும் நன்றி.

அக்கா புகார் கொடுத்தார். விசாரித்தார்கள். கூட்டு முயற்சியில் இவையெல்லாம் சகஜம், துறையின் நற்பெயரைக் காக்கவேண்டும் என்று அறிவுரை சொல்லி அனுப்பினார்கள். அன்று வெளியே வந்து படிக்கட்டில் நின்ற அக்கா, மண்டபத்தில் எழுந்ததற்காக வருந்தவில்லை. "எந்திரிச்சது சரிதான். திருப்பிப் பாருன்னு சொன்னேன் பாரு, அந்த நாக்கை அறுக்கணும்" என்றார். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். கல்லூரிப் பிள்ளைகள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள்.

பணி ஓய்வுவரை அக்கா தம்மால் ஆனதைச் செய்தார். துறைத் தலைவர் எங்கே பேசினாலும் முன்வரிசையில் போய் உட்காருவார். பேச்சு முடிந்ததும் கையைத் தூக்குவார். எப்போதும் ஒரே கேள்வி: "சார், அந்த ஜெல்லை எந்த முனையில ஆரம்பிச்சீங்க, ஏன்?" தெரியாதவர்களுக்கு அது சாதாரணக் கேள்வி. அவர் மட்டும் தண்ணீர் கேட்பார். ஒருமுறை ஒலிவாங்கியையே கீழே போட்டுவிட்டார். பதவி உயர்வு இல்லாமல் ஓய்வுபெற்ற அக்காவுக்குக் கிடைத்த மரியாதை அந்தத் தண்ணீர் தம்ளர்தான்.

ஓய்வுக்குப் பிறகு தம்பியோடு கோலா தெர்லாவிலேயே தங்கினார். காலையில் தோட்டத்துக்குள் பூட்ஸ் போட்டுக்கொண்டு போவார். யார் வீட்டுக் கொடியில் வேர் பருக்கவில்லை என்றாலும் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் போய்க் குந்தி உட்கார்ந்து, மண்ணை விலக்கிப் பார்த்து, திட்டி, தேத்தண்ணி குடித்துவிட்டு வருவார்.

முதல் மாரடைப்பு வந்து தானா ராத்தா மருத்துவமனையில் படுத்திருந்தபோது நான் பார்க்கப் போனேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். அதைத் தின்றுகொண்டே சொன்னார்:

"நான் செத்தா அந்தாளு வருவாரு, பாரு. பெரிய மாலையா கொண்டாருவாரு. ராஜேஸ்வரி என்னை மன்னிச்சிட்டான்னு நாலு பேருகிட்ட சொல்லுவாரு. பெரிய மனசு கிரிய மனசுன்னு எதையாச்சும் என் தலையில கட்டுவாங்க. நீ எழுதுறவதானே வசந்தி? மன்னிக்கலன்னு எழுதிடு."

"சாமி பேரைச் சொல்ற நேரத்துல இது என்ன பேச்சு அக்கா?"

"சாமிக்கும் தெரியட்டும் லா."

சிரித்தார். நான் எழுதுவதாக வாக்குக் கொடுத்தேன். கையில் அடித்து வாங்கிக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு இந்த நினைவு மலரைத் தொகுக்கும் வேலையை மூர்த்தி என்னிடம் கொடுத்தார். பெருந்தகையும் தம் அஞ்சலியை அனுப்பியிருக்கிறார். அடுத்த பக்கத்தில் இருக்கிறது, படியுங்கள். "எங்களுக்கிடையே எழுந்த சிறு மனத்தாங்கல்களைப் பெரிய மனத்தோடு மன்னித்தவர்" என்று எழுதியிருக்கிறார். அக்கா அவரை எவ்வளவு நன்றாகப் படித்து வைத்திருந்தார்! அவர் அனுப்பியதில் ஓரெழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. என் கட்டுரையை அவருடையதற்கு முன்னால் வைத்தேன், அவ்வளவுதான்.

அச்சுக்கு அனுப்பும் முன் மூர்த்திக்கும் கமலாவுக்கும் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கமலா பயந்துபோனார். "காரியத்துல வம்பு வேணாங்க. சாமி கும்புடுற எடம்."

மூர்த்திக்குப் பழைய குரல் திரும்பி வந்தது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "வம்பு என்னா வம்பு? எங்கக்கா பொழைப்பைத் தின்னுட்டு, என் கையால மாலை வேற கேக்குறான் லா! போடுங்கக்கா அச்சுல!"

ஆகவே இதை இப்போது நீங்கள் மண்டபத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறீர்கள். பூசை முடிந்திருக்கும், சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. முன்வரிசையின் நடு நாற்காலியில், வெள்ளைச் சட்டையும் கண்ணாடியுமாக இருப்பவர்தான் நான் சொன்னவர். மரியாதையாகத்தான் அழைத்திருக்கிறோம். அவருக்கு இரண்டு பக்கமும் கோலா தெர்லா விவசாயிகள். வலதுபுறம் சாமிக்கண்ணு அண்ணன். அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் பெரிதாக மாட்டியிருப்பவை அந்த இரண்டு ஜெல்கள், வெட்டாமல், அக்கா ஓடவிட்டபடியே. இன்னும் சற்று நேரத்தில் அவரைப் பேச அழைப்பார்கள்.

ஐயா, மலர் உங்கள் கையிலும் இருக்கும். படித்து முடித்துவிட்டீர்கள் என்றால் மேடைக்குப் போங்கள். "இது ராஜேஸ்வரி செய்த வேலை, நான் எடுத்துக்கொண்டேன்" என்று ஒரு வரி சொன்னால் போதும். சொன்னாலும் உங்களுக்கு மன்னிப்பு இல்லை. அதைக் கொடுக்கக்கூடியவர் கொடுக்காமலே போய்விட்டார். சொல்லாவிட்டால், நீங்கள் இறங்கி வாசல்வரை நடந்துபோகவேண்டும், அவ்வளவு பேரும் படித்துவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் காடி வாசலில்தான் நிற்கிறது. அதன் முன்னால் மூர்த்தி தம் லோரியை நிறுத்தியிருக்கிறார். அவசரமில்லை.

அக்கா, நீங்கள் நிம்மதியாகப் போய்வாருங்கள். இவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.